மைஎஸ்கியூஎல் தகராறு செய்யும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

மருந்துக்கடையின் பில்லிங் நிரலாக இருக்கட்டும், பள்ளிக் கட்டண இணையதளமாக இருக்கட்டும், தொலைபேசியில் வரும் புகார் ஒன்றுதான்: "டேட்டாபேஸ் வேலை செய்யவில்லை." அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறவற்றை அறிகுறிவாரியாகக் கீழே பிரித்திருக்கிறேன். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளின் 8-ஆம் பதிப்பை மனத்தில் வைத்து எழுதியது. அதிலிருந்து கிளைத்த மரியாடிபிக்கும் பெரும்பகுதி பொருந்தும், இயல்பு மதிப்புகள் மட்டும் சில இடங்களில் மாறும். கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் உச்சரிப்பில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலத்தில், அமைப்புப் பெயர்களின் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இட்டு எழுத வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன்னால் இரண்டு காரியங்கள். முதலாவது, பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது" என்று மட்டும் வந்தால் நிரலின் லாக் கோப்பைத் திறந்து பாருங்கள். அங்கேயும் எண் இல்லையென்றால், பிழையைப் பிடித்துச் சத்தமில்லாமல் விழுங்கும் 'கேட்ச்' பகுதியை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இரண்டாவது, சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் ஆசையை அடக்குங்கள். ரீஸ்டார்ட் செய்தால் பழுது மறைவது உண்மை. அதோடு யார் பூட்டைப் பிடித்திருந்தார்கள், எந்தக் குவரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) தொங்கிக்கொண்டிருந்தது என்ற தடயமும் மறையும். நாளை அதே நேரத்துக்கு அதே தொலைபேசி வரும்.

## அறிகுறி: இணைப்பே கிடைக்கவில்லை

### எண் 2002 அல்லது 2003

கட்டளை இன்னும் சர்வரின் வாசலைக்கூடத் தொடவில்லை என்று பொருள். ஆகவே பயனர்பெயர், கடவுச்சொல் பக்கம் போகவே வேண்டாம். செய்தியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு எண் இருக்கும், அதைப் படியுங்கள்.

2002-உடன் 2 என்று இருந்தால், ஒரே கணினிக்குள் நிரலும் சர்வரும் பேசிக்கொள்ளும் சாக்கெட் கோப்பைக் காணவில்லை. லினக்ஸில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று கொடுத்தால் மைஎஸ்கியூஎல் நெட்வொர்க் வழியாகப் போவதில்லை, சாக்கெட் கோப்பைத் தேடுகிறது. அதற்குப் பதில் 127.0.0.1 என்று போட்டுப் பாருங்கள். அது வேலை செய்தால் சாக்கெட்டின் பாதைதான் நிரலின் அமைப்பில் தவறு. அதுவும் தோற்றால் சர்வர் ஓடவில்லை.

2003-உடன் 111 (விண்டோஸில் 10061) என்றால் அந்தக் கணினியை எட்டிவிட்டீர்கள், ஆனால் அந்த போர்ட்டில் (சர்வர் காத்திருக்கும் வாசல் எண்) யாரும் இல்லை. சர்வர் ஓடுகிறதா என்று பாருங்கள். அடுத்து போர்ட் 3306-தானா என்று பாருங்கள். அதற்கும் அடுத்து, சர்வர் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று சொல்லும் 'பைண்ட் அட்ரஸ்' அமைப்பு. உபுண்டுவில் நிறுவினால் அது 127.0.0.1 என்றே வரும், வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது.

110 (விண்டோஸில் 10060) என்றால் பதிலே வரவில்லை. பெரும்பாலும் ஃபயர்வால், அல்லது கிளவுட் கணக்கில் போட்ட அனுமதி விதி. இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்: 3306-ஐ உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று போய்விடுவது. நிரல் ஓடும் கணினியின் முகவரிக்கு மட்டும் திறவுங்கள். வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் எஸ்எஸ்ஹெச் டனல் என்னும் மறையாக்கிய தனிவழி போதும்.

நிரல்களைக் கண்டெய்னர் என்னும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கருக்குள் உங்கள் நிரல் ஓடினால் இன்னொரு சாத்தியம் உண்டு. கண்டெய்னருக்குள் 'லோக்கல்ஹோஸ்ட்' என்பது அந்தக் கண்டெய்னரேதான். கம்போஸ் கோப்பில் தரவுத்தளத்துக்கு வைத்த சர்வீஸ் பெயரை ஹோஸ்ட்டாகக் கொடுங்கள்.

### எண் 1045

வாசல் வரை வந்தாயிற்று, உள்ளே விடவில்லை. செய்தியின் முடிவில் 'யூசிங் பாஸ்வேர்ட்' என்ற சொற்களுக்குப் பிறகு 'நோ' என்று இருக்கிறதா? அப்படியென்றால் நிரல் கடவுச்சொல்லையே அனுப்பவில்லை. கடவுச்சொல் போன்றவற்றை வைத்திருக்கும் சூழல் கோப்பைப் படிக்கவில்லை, அல்லது மாறியின் பெயரில் எழுத்துப்பிழை. பிஹெச்பியின் லாராவெல் சட்டகத்தைப் பயன்படுத்துகிறவர்கள் அமைப்பு கேஷை அழித்தார்களா என்று பார்க்க வேண்டும். அழிக்காத வரை சூழல் கோப்பில் எதை மாற்றினாலும் பழையதே ஓடும்.

'யெஸ்' என்று இருந்தால் கடவுச்சொல் போனது, பொருந்தவில்லை. இணைப்பை யூஆர்எல் வடிவில் எழுதும் நிரல்களில் கடவுச்சொல்லுக்குள் @ இருந்தால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஹோஸ்ட் பெயராகிவிடக்கூடும். @-க்குப் பதில் %40 என்று எழுதுங்கள். # இருந்தால் சில சூழல் கோப்பு வாசிப்பான்கள் அதற்கு மேல் வருவதைக் குறிப்புரை என்று எண்ணி வெட்டிவிடும். மேற்கோள் குறிக்குள் வையுங்கள்.

இரண்டும் சரியென்றால் பயனரின் ஹோஸ்ட் பகுதியைப் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் ஒரே பெயர் 'லோக்கல்ஹோஸ்ட்'டிலிருந்து வந்தால் ஒரு கணக்கு, வேறு முகவரியிலிருந்து வந்தால் வேறு கணக்கு. கடவுச்சொல்லும் உரிமையும் தனித்தனி. ஹோஸ்ட்டுக்கு எந்தக் கணக்குமே இல்லையென்றால் 1130 வரும்.

### தெரியாத அங்கீகார முறை என்ற செய்தி

2018-இல் வெளியான 8.0 முதல் கடவுச்சொல் சரிபார்க்கும் இயல்பு முறை மாறிவிட்டது. பழைய பிஹெச்பியில் இருப்பதுபோன்ற பழைய டிரைவர்களுக்கு (நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் நூலகங்கள்) அது புரியாது. பயனரைப் பழைய முறைக்கு மாற்றச் சொல்லும் யோசனை எங்கும் கிடைக்கும். அது தற்காலிகமானதுதான்: 8.4-இல் அந்தப் பழைய முறை இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது, 9.0-இல் நீக்கியே விட்டார்கள். டிரைவரைப் புதுப்பியுங்கள்.

### எண் 1129

அதே முகவரியிலிருந்து இணைப்பு முயற்சிகள் தொடர்ந்து பாதியில் முறிந்ததால் சர்வர் உங்கள் ஹோஸ்ட்டையே தடுத்துவிட்டது. வரம்பு இயல்பாக 100. நிர்வாகக் கணக்கில் ஹோஸ்ட் கேஷைக் காலிசெய்தால் தடை நீங்கும். ஆனால் யார் தட்டிவிட்டு ஓடுகிறார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும் ஏதாவது ஒரு கண்காணிப்பு நிரலாக இருக்கும்.

## அறிகுறி: காலையில் முதலில் வருகிறவருக்கு மட்டும் பிழை

எண் 2006. மறுபடி முயன்றால் சரியாகிவிடும், ஆகவே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சும்மா கிடக்கும் இணைப்பை மைஎஸ்கியூஎல் 28,800 விநாடிகளில், அதாவது 8 மணி நேரத்தில் துண்டித்துவிடும். இரவு கடை சாத்திய பிறகு யாரும் தொடாத இணைப்பு விடியும்போது செத்திருக்கும். இணைப்புகளைத் திறந்து வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தும் நிரலின் பூலுக்கு அது தெரியாது. பூலில் இணைப்பின் ஆயுளை அந்த 8 மணி நேரத்துக்குக் குறைவாக வையுங்கள். பைத்தானின் எஸ்கியூஎல்ஆல்கெமி நூலகத்தில் அந்த ஆயுளை வைக்கும் 'பூல் ரீசைக்கிள்' இயல்பாக அணைந்திருக்கும், அதற்கு ஒரு மதிப்புக் கொடுத்து, பயன்படுத்துமுன் இணைப்பைச் சோதிக்கும் 'பூல் பிரீ பிங்'கையும் இயக்குங்கள். ஜாவா நிரல்களுக்கான ஹிக்காரிசிபி பூலில் ஆயுள் இயல்பாகவே 30 நிமிடம் என்பதால் ஜாவா பக்கம் இந்தத் தொல்லை குறைவு.

8 மணி நேரம் எல்லாம் இல்லை, சில நிமிடங்களிலேயே அறுகிறது என்றால் நடுவில் வேறு ஒருவர் இருக்கிறார். அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்சர் டிசிபி இணைப்பு 350 விநாடி சும்மா இருந்தால் கைவிட்டுவிடும், இயல்பு மதிப்பு அது. பூலின் ஆயுளை அதற்கும் கீழே இறக்குங்கள்.

பெரிய படமோ கோப்போ சேமிக்கும்போது மட்டும் 2006 வருகிறதா? அது 'மேக்ஸ் அலவ்ட் பேக்கெட்' வரம்பு. 8.0-இல் 64 எம்பி, 5.7-இல் 4 எம்பி. வரம்பை உயர்த்தலாம். ஆனால் படத்தை டேபிளுக்குள் வைக்க வேண்டிய தேவை என்ன என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: கூட்டம் சேர்ந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது

### எண் 1040

இணைப்புகளின் வரம்பு இயல்பாக 151. அதற்கு மேல் ஒன்று நிர்வாகக் கணக்குக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். நிரலுக்கு நிர்வாக உரிமை கொடுத்து வைத்திருந்தால் அந்த ஒன்றையும் அதுவே தின்றுவிடும், நெருக்கடி நேரத்தில் உங்களால் உள்ளே நுழைய முடியாது. இதற்காகவாவது நிரலுக்குத் தனிக் கணக்கு கொடுங்கள்.

உள்ளே போய், இருக்கும் இணைப்புகளைப் பட்டியலிடும் 'ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட்' ஓட்டுங்கள். பெரும்பாலான வரிகள் 'ஸ்லீப்' என்று இருந்தால் வேலை செய்யாத இணைப்புகள் இடத்தை அடைத்திருக்கின்றன. கணக்குப் போடுங்கள்: எஸ்கியூஎல்ஆல்கெமி பூலில் இயல்பாக 5, நெருக்கடிக்கு மேலும் 10, ஆக ஒரு பிராசஸுக்கு 15. 8 பிராசஸ் ஓடினால் 120. அதே நிரலின் இரண்டாவது நகலை வேறொரு சர்வரில் ஏற்றினால் 240. வரம்பு 151. பழுது நிரல் வரிகளில் இல்லை, கூட்டலில் இருக்கிறது. பூலைச் சுருக்குங்கள்.

'ஸ்லீப்' அல்ல, எல்லா வரிகளும் ஒரே குவரியை ஓட்டிக்கொண்டிருக்கின்றன என்றால் கீழே மெதுவான குவரி பகுதிக்குப் போங்கள். வரம்பை 151-இலிருந்து 1,000 ஆக்குவது கடைசி மருந்து. ஒவ்வொரு இணைப்பும் நினைவகம் கேட்கும். சிறிய சர்வரில் மைஎஸ்கியூஎல்லையே இயங்குதளம் கொன்றுவிடும் நிலை வரும்.

### சர்வரில் இடமிருக்கிறது, பூல் காலி

ஹிக்காரியில் 30,000 மில்லிவிநாடி காத்திருந்தும் இணைப்பு கிடைக்கவில்லை என்று வரும். எஸ்கியூஎல்ஆல்கெமியில் 'கியூபூல் லிமிட்' எட்டிவிட்டது என்று வரும். வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பித் தராத அண்டை வீட்டுக்காரர்போல நிரலின் ஏதோ ஒரு பகுதி இணைப்பை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது. எது என்று கண்ணால் தேடுவது வீண் வேலை. ஹிக்காரியில் 'லீக் டிடெக்‌ஷன் த்ரெஷோல்ட்' என்ற அமைப்புக்கு மதிப்புக் கொடுத்தால் திருப்பித் தராத இடத்தின் நிரல் வரியையே லாக் கோப்பில் எழுதிவிடும். பைத்தானில் 'வித்', ஜாவாவில் வளங்களோடு கூடிய 'டிரை', சி-ஷார்ப்பில் 'யூசிங்'. இவற்றுக்குள் வராத இணைப்பு எதுவும் இருக்கக்கூடாது. பிழை நேரும் பாதையில்தான் பெரும்பாலும் மூட மறந்திருப்பார்கள். அதனால்தான் எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் இது தெரிவதில்லை.

## அறிகுறி: பிழை எதுவும் இல்லை, தரவும் இல்லை

இருப்பதிலேயே அதிக நேரத்தைத் தின்னும் வகை இது. எளியதிலிருந்து போங்கள்.

நீங்கள் பார்ப்பதும் நிரல் எழுதுவதும் ஒரே தரவுத்தளம்தானா? நிரலுக்குள்ளிருந்தே 'செலக்ட் டேட்டாபேஸ், ஹோஸ்ட்நேம்' ஓட்டி அச்சிட்டுப் பாருங்கள். சோதனைத் தளத்தில் எழுதிவிட்டு நேரடித் தளத்தில் தேடுவது அனைவருக்கும் நடப்பது.

அடுத்தது கமிட், அதாவது மாற்றத்தை நிரந்தரமாக்கும் கட்டளை. பைத்தானின் மைஎஸ்கியூஎல் டிரைவர்களில் தானியங்கிக் கமிட் இயல்பாக அணைந்திருக்கும். இன்சர்ட் ஓடும், அதே இணைப்பில் செலக்ட் செய்தால் வரியும் தெரியும். நிரல் முடிந்ததும் எல்லாம் மறையும். ஜாவாவிலிருந்து வருகிறவர்கள் இதில் தவறாமல் இடறுவார்கள், ஜாவாவின் தரவுத்தள இணைப்பு முறையான ஜேடிபிசியில் அது இயல்பாக இயங்கும் என்பதால்.

பிஹெச்பி என்றால் பதிப்பைப் பாருங்கள். அதன் இரண்டு இணைப்பு நூலகங்களில் பிடிஓ பிஹெச்பி 8.0-லிருந்தும் மைஎஸ்கியூஎல்ஐ பிஹெச்பி 8.1-லிருந்தும்தான் பிழையை இயல்பாக எறிகின்றன. அதற்கு முன்னால் தோற்ற குவரி 'ஃபால்ஸ்' என்று திருப்பித் தந்துவிட்டு மௌனமாக இருக்கும்.

அப்டேட் செய்தால் '0 வரிகள்' என்று வருகிறதா? பிஹெச்பியில் அது பொருந்திய வரிகளின் எண்ணிக்கை அல்ல, மாறிய வரிகளின் எண்ணிக்கை. ஏற்கெனவே அதே மதிப்பு இருந்தால் 0 வருவது சரியே. இதை வைத்து "பதிவு இல்லை" என்று முடிவுசெய்யும் நிரல்களை நிறையப் பார்க்கலாம்.

இதன் தலைகீழும் உண்டு: வேறு நிரல் சேர்த்த புதிய வரிகள் நாள் முழுவதும் ஓடும் உங்கள் நிரலுக்குத் தெரியவே இல்லை. மைஎஸ்கியூஎல்லின் இயல்புச் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியின் இயல்புத் தனிமைநிலையில், ஒரு பரிவர்த்தனை (ஒன்றாக நிறைவேறும் அல்லது ஒன்றாக ரத்தாகும் கட்டளைத் தொகுப்பு) முதல் செலக்ட்டின்போது கண்ட காட்சியையே முடிவு வரை காணும். வெறும் செலக்ட்தானே என்று கமிட் செய்யாமல் விட்டால் அந்தக் காட்சி அப்படியே உறைந்திருக்கும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கமிட் செய்யுங்கள்.

## அறிகுறி: கட்டளையை ஏற்க மறுக்கிறது

1146, டேபிள் இல்லை என்கிறது, கண்ணெதிரே இருக்கிறது. உங்கள் கணினி விண்டோஸ், சர்வர் லினக்ஸ் என்றால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடுதான். லினக்ஸில் டேபிள் பெயருக்கு அது முக்கியம். எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் வைத்துவிடுங்கள்.

1064, இலக்கணப் பிழை. செய்தியில் 'நியர்' என்று காட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் பாருங்கள். பயனர் ஒற்றை மேற்கோள் உள்ள பெயரைத் தந்தால் மட்டும் வருகிறது என்றால், குவரியைச் சரம் சரமாக ஒட்டித் தயாரிக்கிறீர்கள். அது வெறும் பிழை அல்ல, திறந்து கிடக்கும் வாசல். அன்றே அளவுருக்களுக்கு மாற்றுங்கள்: குவரியில் மதிப்பின் இடத்தில் கேள்விக்குறி நிற்கும், மதிப்பு தனியாகப் போகும். மாற்றிய பிறகு கேள்விக்குறியைச் சுற்றி மேற்கோள் போடக்கூடாது. போட்டால் அது அளவுரு அல்ல, கேள்விக்குறி என்ற எழுத்து.

## அறிகுறி: தமிழ் எழுத்து சிதைகிறது

காரணத்தைக் கண்ணால் ஊகிக்க வேண்டாம், அளந்து பார்க்கலாம். தமிழ் ஒருங்குறியின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். "அம்மா" என்பது அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று 5 குறி, 15 பைட். அந்தச் சொல் உள்ள ஒரு வரியை ஐடி எண் கொண்டு எடுத்து 'கேர் லெங்த்', 'லெங்த்' இரண்டையும் கேளுங்கள். முன்னது குறிகளை எண்ணும், பின்னது பைட்டுகளை.

5, 15 என்று வந்தால் தரவு நலமாக இருக்கிறது. சிதைவு வெளியே எடுக்கும் வழியில்: இணைப்பின் எழுத்துத் தொகுதி 'யூடிஎஃப்8எம்பி4' ஆக இருக்கிறதா, பக்கத்தின் தலைப்பில் யூடிஎஃப்-8 என்று சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள்.

15 என்றும் 30-க்கு மேல் ஓர் எண் என்றும் வந்தால் இருமுறை குறியாக்கம் நடந்திருக்கிறது. திரையில் மேலே கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளும் வட்டத்துக்குள் நிற்கும் வர்த்தகக் குறியும் மாறி மாறி வரும். நிரல் யூடிஎஃப்-8 அனுப்பியது, இணைப்போ தன்னை லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுதி) என்று அறிவித்துக்கொண்டது. மீட்கலாம்: நெடுவரிசையை லத்தீன்1-க்கு மாற்றி, அதைப் பைனரியாக்கி, மறுபடி யூடிஎஃப்8எம்பி4 என்று படிக்க வேண்டும். நகல் டேபிளில் மட்டும். பழுதான காலத்துக்கு முன்னும் பின்னும் சேர்ந்த நல்ல வரிகளும் அதே டேபிளில் கலந்திருந்தால், அனுபவமுள்ளவரைக் கூப்பிடுங்கள். நல்லதையும் சேர்த்து மாற்றினால் அது கெட்டுவிடும்.

5, 5 என்று வந்தால் உள்ளே இருப்பவை நிஜமான கேள்விக்குறிகள். லத்தீன்1 நெடுவரிசை தமிழை ஏற்க முடியாமல் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி இட்டுக்கொண்டது. எந்த மாற்றியும் இதை மீட்காது. காப்புநகல் அல்லது மறுபடி தட்டச்சு. தவறான தரவை ஏற்க மறுக்கும் ஸ்ட்ரிக்ட் முறை இயங்கியிருந்தால் 1366 என்ற பிழையோடு நின்றிருக்கும். அந்தப் பிழை தொல்லையாக இருக்கிறது என்று ஸ்ட்ரிக்ட் முறையை அணைத்து வைத்திருக்கும் சர்வர்களைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

தமிழ் சரியாக ஏறுகிறது, எமோஜி வந்தால் மட்டும் 1366 என்றால் நெடுவரிசை பழைய 3 பைட் 'யூடிஎஃப்8'. எமோஜிக்கு 4 பைட் வேண்டும். யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள்.

பெயர் சேமிக்கும்போது 1406 வந்தால் நீளம் போதவில்லை. "கிருஷ்ணமூர்த்தி" என்பதில் நம் கணக்கில் 8 எழுத்து; தரவுத்தளத்தின் கணக்கில் 15 குறி. ஆங்கிலப் பெயருக்கு அளந்து வைத்த நெடுவரிசை தமிழுக்குப் போதாது.

## அறிகுறி: ஓடுகிறது, ஆனால் நகரவில்லை

முதலில், குவரி மெதுவா அல்லது காத்திருக்கிறதா? பிராசஸ்லிஸ்ட் சொல்லிவிடும்.

மெதுவென்றால் குவரியின் முன்னால் 'எக்ஸ்பிளெய்ன்' சேர்த்து ஓட்டுங்கள். 'டைப்' பகுதியில் 'ஆல்' என்று இருந்தால் மொத்த டேபிளையும் புரட்டுகிறது. வரியை விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் இருந்தும் அப்படியென்றால் ஒப்பிடும் மதிப்பின் வகையைப் பாருங்கள். கைபேசி எண்ணை எழுத்து வகை நெடுவரிசையில் வைத்துவிட்டு, குவரியில் மேற்கோள் இல்லாமல் எண்ணாக ஒப்பிட்டால் இண்டெக்ஸ் பயன்படாது. மேற்கோள் சேர்த்தால் போதும். தேதி நெடுவரிசையை ஒரு சார்புக்குள் போட்டு ஒப்பிடுவதும், 'லைக்'கை % குறியில் தொடங்குவதும் அதே விளைவைத் தரும். எக்ஸ்பிளெய்ன் நன்றாக இருந்தும் பக்கம் மெதுவென்றால் குவரிகளை எண்ணுங்கள்: 100 பில் காட்டும் பக்கம் ஒவ்வொரு பில்லுக்கும் வாடிக்கையாளரைத் தனியே கேட்டால் 101 குவரி ஓடுகிறது.

காத்திருக்கிறது என்றால் 50 விநாடிக்குப் பிறகு 1205 வரும். 'சிஸ்' தரவுத்தளத்தில் 'இன்னோடிபி லாக் வெயிட்ஸ்' என்ற காட்சி யார் யாரைத் தடுக்கிறார் என்று நேராகச் சொல்லும். பெரும்பாலும் பரிவர்த்தனையைத் திறந்து வைத்துக்கொண்டு எஸ்எம்எஸ் அனுப்பும் அல்லது பணப்பரிமாற்ற நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருக்கும் நிரல் பகுதியாக இருக்கும். வெளி அழைப்பைக் கமிட்டுக்குப் பின்னால் தள்ளுங்கள். 1205-க்குப் பிறகு இயல்பாக அந்த ஒரு கட்டளைதான் ரத்தாகும், பரிவர்த்தனை திறந்தே இருக்கும். நிரல் தானே ரோல்பேக் (கமிட் ஆகாத மாற்றங்களை ரத்துசெய்தல்) செய்ய வேண்டும். இரண்டு பரிவர்த்தனைகள் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும் 1213 என்னும் டெட்லாக்கில் முழுப் பரிவர்த்தனையும் ரத்தாகிவிடும், தொடக்கத்திலிருந்து மறுமுயற்சி செய்யலாம். அடிக்கடி வந்தால் டேபிள்களை எல்லா இடத்திலும் ஒரே வரிசையில் தொடுகிறீர்களா என்று பாருங்கள்.

டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை நகராமல் 'மெட்டாடேட்டா லாக்' என்று காத்திருந்தால், யாரோ மூடாத பரிவர்த்தனையோடு தூங்குகிறார். அந்தக் காத்திருப்பின் இயல்பு வரம்பு ஓர் ஆண்டு. நீங்களே போய் அந்த இணைப்பைக் கொல்ல வேண்டும்.

## அறிகுறி: நேரம் ஐந்தரை மணி தள்ளித் தெரிகிறது

'டைம்ஸ்டாம்ப்' வகை இணைப்பின் நேர மண்டலத்துக்கேற்ப மாறும்; 'டேட்டைம்' எழுதியபடியே இருக்கும். இரண்டையும் கலந்த டேபிளில் ஒன்று மட்டும் தவறும். எல்லா இணைப்புக்கும் ஒரே மண்டலத்தை அமையுங்கள். நேர மண்டலத்தை மாற்றித் தரும் 'கன்வெர்ட் டிஇசட்' சார்பு 'நல்' என்னும் வெற்று மதிப்பைத் திருப்பினால் நேர மண்டல டேபிள்கள் ஏற்றப்படவில்லை. ஊர்ப் பெயருக்குப் பதில் +05:30 என்று எண்ணால் கொடுங்கள்.

## கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

வட்டு நிறைந்துவிட்டது. காலிசெய்யும் அவசரத்தில் தரவுக் கோப்புறையில் எதையும் கையால் அழிக்காதீர்கள். 8.0-இல், தரவில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பைனரி லாக் இயல்பாக இயங்கி 30 நாள் சேரும். அதைக்கூட 'பர்ஜ் பைனரி லாக்ஸ்' கட்டளையால்தான் குறைக்க வேண்டும்.

எந்த வரிகளை என்று சொல்லும் 'வேர்' பகுதி இல்லாத டெலீட் ஓடிவிட்டது. கமிட் ஆகவில்லையென்றால் ரோல்பேக். ஆகிவிட்டதென்றால் நிரலை நிறுத்துங்கள், நேரத்தை நிமிடம் வரை குறித்துக்கொள்ளுங்கள், கூப்பிடுங்கள். முந்தைய காப்புநகலும் அதன் பிறகான பைனரி லாக்கும் இருந்தால், அழித்த கணத்துக்குச் சற்று முன்பு வரை மீட்கலாம்.

சர்வர் எழும்போதே விழுகிறது, எர்ரர் லாக்கில் சிதைந்த பக்கம் என்ற பேச்சு வருகிறது. சிதைந்த தரவோடும் சர்வரை எழுப்ப முயலும் 'இன்னோடிபி ஃபோர்ஸ் ரெகவரி' அமைப்பை 6 என்று வைக்கச் சொல்லும் அறிவுரை எளிதில் கிடைக்கும். 4-உம் அதற்கு மேலும் தரவுக் கோப்புகளை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியவை. சர்வரை நிறுத்தி, கோப்புறை முழுவதையும் வேறு வட்டுக்கு நகலெடுங்கள். அது வரை எந்த எண்ணையும் தொடாதீர்கள். வருகிறவரிடம் எர்ரர் லாக், மைஎஸ்கியூஎல்லின் பதிப்பு எண், கடைசிக் காப்புநகலின் தேதி, அதற்குள் நீங்கள் முயன்று பார்த்தவை எல்லாவற்றையும் மறைக்காமல் கொடுங்கள்.